பழைய ஸ்டேஷன் கல்லையும் பாலத்துப் பலகையையும் படிப்பது எப்படி?

ரயில் நிலையச் சுவரில் பதித்த பளிங்குக் கல், பாலத்து முகப்பில் செதுக்கிய ஆண்டு, ஸ்டேஷன் வாசலில் காட்சிக்கு நிற்கும் நீராவி என்ஜினின் பக்கவாட்டில் திருகிய பித்தளைத் தகடு. இவற்றைப் பார்க்காதவர் கிடையாது, படித்தவர்தான் குறைவு. படிப்பவர்களிலும் பாதிப்பேர் பெரிய எழுத்தில் உள்ள மேல்வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். மேல்வரியில் பெருமை இருக்கும். உங்களுக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் கடைசி வரியில், சின்ன எழுத்தில், தூசி படிந்து கிடக்கும்: இதை யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள்.

அதனால் முதல் பழக்கம் இது: எந்த நினைவுக் கல்லையும் கீழிருந்து மேலாகப் படியுங்கள். 1856-இல் நடந்ததை 1856-இலேயே வெட்டிய கல் சொன்னால் அது நேரில் பார்த்தவன் சொல். அதையே நூற்றைம்பது ஆண்டு கழித்து மாட்டிய பலகை சொன்னால் அது கேள்விப்பட்டவன் சொல். இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் ஒரே மதிப்பு கிடையாது.

பிரிட்டனில் போக்குவரத்து மரபுக்கென்றே ஓர் அறக்கட்டளை இருக்கிறது. நேஷனல் டிரான்ஸ்போர்ட் டிரஸ்ட் என்று பெயர். பழைய நிலையம், கால்வாய், பாலம், பட்டறை என்று தேர்ந்தெடுத்து, சிவப்புச் சக்கர வடிவில் ஒரே மாதிரியான வட்டப் பலகையைப் பதித்துவருகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரே கையால் வைத்த வரிசை எதுவும் இல்லை. ரயில்வே வைத்தது, நெடுஞ்சாலைத் துறை வைத்தது, ஊர்ப் பெரியவர் வைத்தது, கட்சிக்காரர் வைத்தது எல்லாம் கலந்து கிடக்கும். புதிதாக இறங்குபவருக்கு இது முதலில் தலைசுற்றலாக இருக்கும். பழகிய பிறகு சுவையே அதில்தான்.

முதல் படி: எந்த வகை என்று பிரியுங்கள்

சாதாரணமாக ஐந்து வகை கண்ணில் படும்.

அடிக்கல்: கட்டடம் தொடங்கிய நாளைச் சொல்லும். கட்டி முடித்தார்களா என்பது அந்தக் கல்லுக்குத் தெரியாது. அடிக்கல் நாட்டிவிட்டுப் பல ஆண்டு கிடப்பில் போட்ட வேலைகள் எந்த ஊரிலும் உண்டு. ஆகவே அடிக்கல் தேதியைக் கட்டடத்தின் வயதாக எழுதாதீர்கள்.

திறப்புவிழாக் கல்: பெரிய மனிதர் வந்து திறந்த நாள். பொதுமக்களுக்கு வண்டி ஓடத் தொடங்கிய நாள் வேறாக இருக்கலாம்.

வரலாற்றுப் பலகை: பின்னால் வந்தவர்கள் எழுதியது. நூற்றாண்டு விழா, புதுப்பிப்பு, சுற்றுலா மேம்பாடு போன்ற சந்தர்ப்பங்களில் முளைப்பது. படிக்கச் சுவையாக இருப்பதும் தவறு அதிகம் இருப்பதும் இந்த வகையில்தான்.

அங்கீகாரப் பலகை: வெளி அமைப்பு ஒன்று தந்த தகுதியைச் சொல்வது. நீலகிரி மலை ரயிலுக்கு யுனெஸ்கோ தந்த உலக மரபுச் சின்னத் தகுதி நல்ல எடுத்துக்காட்டு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1999-இல் டார்ஜிலிங் மலை ரயில் பட்டியலில் ஏறியது. 2005-இல் நீலகிரியையும் 2008-இல் கால்கா–சிம்லாவையும் அதே பதிவில் சேர்த்து, மூன்றுக்கும் சேர்த்து ‘இந்திய மலை ரயில்கள்’ என்று பெயர் வைத்தார்கள். நீலகிரிக்கு 1999 என்று யாராவது எழுதியிருந்தால் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது, செய்தவன் தகடு. இது யாரையும் கௌரவிக்க வைத்தது இல்லை. என்ஜின், பாலத்துக் கர்டர் (இரும்பு உத்தரம்), எடைமேடை, நீரேற்றும் குழாய் ஆகியவற்றைச் செய்த கம்பெனி தன் பெயர், ஊர், ஆண்டு, வரிசை எண்ணைப் பொறித்து அனுப்பியது. பொய் சொல்ல இதற்குக் காரணமே இல்லை என்பதால் என் நம்பிக்கை முதலில் இதற்குத்தான். நீலகிரியின் பழைய எக்ஸ் வகை என்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரத்துப் பட்டறையில் பிறந்தவை. அந்த ஊர்ப் பெயரைத் தகட்டில் பார்த்தால் போதும், பல் சக்கர மலைப்பாதைக்கு ஏன் சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள் என்று தேடத் தோன்றும்.

இரண்டாம் படி: சென்னையில் ஒரு காலைப்பொழுது

வெளியூர்க்காரராக இருந்தாலும் தொடக்கத்துக்குச் சென்னை வசதி. மின்சார ரயிலிலேயே மூன்று தலைமுறைக் கட்டடங்களைப் பார்த்துவிடலாம்.

பூங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். 1873-இல் ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்து எழுந்தது. பின்னால் ராபர்ட் சிஸம் கைவைத்து மணிக்கூண்டும் கோபுர முகப்பும் சேர்ந்தன. 2019-இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் பெயர் ஏறியது. ஆக, ஒரே கட்டடத்தின் பெயர்ப்பலகைகளைத் தேதிவாரியாக அடுக்கினால் மெட்ராஸ், சென்னை, எம்.ஜி.ஆர். என்று மூன்று காலம் வரும். பக்கத்திலேயே தெற்கு ரயில்வே தலைமையகம். 1922-இல் திறந்தபோது அது மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா கம்பெனியின் அலுவலகம். உள்ளே போக அனுமதி வேண்டும், வெளியிலிருந்து பார்ப்பதே போதும்.

அங்கிருந்து கடற்கரை நிலையம் போய், வண்ணாரப்பேட்டை வழியாகப் போகும் வண்டியில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கினால் இராயபுரம். 1856-இல் திறந்தது. அதற்கும் மூத்த பம்பாய், தாணே நிலையங்களின் முதல் கட்டடங்கள் இன்று இல்லை என்பதால், இந்தியாவில் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெயர் இதற்கு. ஒரு காலத்தில் இடிந்துகிடந்த கட்டடத்தைச் சரிசெய்து 2005-இல் மீண்டும் திறந்தார்கள். வேகமாக ஒரு படம் எடுத்துவிட்டு ஓடாதீர்கள். முகப்புத் தூண்களை நின்று பாருங்கள். எது பழைய வேலை, எது புதுப்பித்த கை என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

கடைசியாக எழும்பூர். 1908 ஜூன் 11 திறப்பு. கட்டிய ஒப்பந்தக்காரர் தி. சாமிநாத பிள்ளை. மேலே சொன்ன தெற்கு ரயில்வே தலைமையகத்தைக் கட்டியவரும் இவரே. திறப்புவிழாக் கல் என்றால் ஆளுநர் பெயர் பெரிதாகவும் கட்டியவர் பெயர் சிறிதாகவும் வரும், பல இடங்களில் வரவே வராது. கட்டியவர் பெயர் கிடைக்கும் இடத்தில் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடந்துவருகிறது. இப்படி வேலை நடக்கும் நிலையங்களில் தகடுகளைக் கழற்றி உள்ளே வைத்திருக்கலாம், தகரத் தடுப்புக்குப் பின்னாலும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

நேரமிருந்தால் பெரம்பூர்ப் பக்கம் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகம். திருச்சியில் ரயில் மரபு மையம் இருக்கிறது. தென் மாவட்டக்காரர்களுக்கு அது பக்கம்.

எடுத்துப்போக வேண்டியவை

கைபேசி, கையடக்க டார்ச், தண்ணீர், நோட்டு, பென்சில், ஒரு சாண் அளவுகோல். பிளாட்பாரம் டிக்கெட் கட்டாயம். ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய், “சார், இந்தப் பழைய கல்லைப் படம் எடுத்துக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பலர் மகிழ்ந்துபோய், உள்ளே மாட்டியிருக்கும் பழைய கடிகாரத்தையும் காட்டுவார்கள். பெரிய கேமரா, முக்காலி, வியாபார நோக்கம் என்றால் முறையான எழுத்து அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

தண்டவாளத்தில் கால்வைக்காதீர்கள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தைவிடப் பெரிய காரணம், மின்சார வண்டி சத்தமில்லாமல் வரும். பாலத்துத் தகட்டைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டுக் கர்டர்மேல் நடப்பதும் அப்படித்தான். பாம்பன் பாலத்தைப் பக்கத்துச் சாலைப் பாலத்தில் நின்றே நன்றாகப் பார்க்கலாம்.

எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்பு, எண்ணெய், மாவு எதையும் தேய்க்காதீர்கள். டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். வெயில் சாய்ந்த காலையும் மாலையும் இதே வேலையை இலவசமாகச் செய்யும். கல்வெட்டாளர்கள் கல்மேல் தாளை ஒட்டி மை தடவி எடுக்கும் மைப்படி, பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களின் வேலை, நமக்கு வேண்டாம்.

மூன்றாம் படி: தேதி இல்லாத கல்லுக்கு வயது சொல்வது

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. தேதி உடைந்துபோன கல், தேதியே போடாத தகடு நிறைய உண்டு. ஆனால் காலத்தைக் காட்டிக்கொடுக்கும் தடயம் ஏதாவது இருந்தே தீரும்.

கம்பெனிப் பெயரிலிருந்து தொடங்குங்கள். மெட்ராஸ் ரயில்வே என்று மட்டும் இருந்தால் 1908-க்கு முன். அந்த ஆண்டில்தான் மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா பிறந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்றோ கர்நாடிக் ரயில்வே என்றோ பார்த்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் இரண்டும் 1874-இல் இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆகிவிட்டன. தெற்கு ரயில்வே என்ற பெயர் 1951 ஏப்ரல் 14-க்குப் பிறகுதான். இந்த நாலு வரியைக் கைபேசியில் எழுதிவைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து மனிதர்கள். ஆளுநர் பெயர் இருந்தால் அவர் பதவிக்காலமே வேலியாகிவிடும். ஹாரிஸ் பிரபு 1854 முதல் 1859 வரை, சர் ஆர்தர் லாலி 1906 முதல் 1911 வரை, பென்ட்லாண்ட் பிரபு 1912 முதல் 1919 வரை. ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் விடுதலைக்கு முந்தையவை. விடுதலைக்குப் பிந்தைய கல்லில் அமைச்சரை ‘கனம்’ என்று அழைத்திருந்தால் அது முற்காலம், ‘மாண்புமிகு’ என்று வந்தால் பிற்காலம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

தமிழ் எழுத்து இன்னும் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணா, றா, னா மூன்றும் கால் போடாமல் சுழித்து எழுதிய ஒற்றை வடிவங்கள். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை தூக்கினதுபோல மேலே வளைந்த கொம்போடு இருக்கும். இந்த வடிவங்களைப் பார்த்தால் பெரும்பாலும் 1978-க்கு முந்தைய கல். ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வயதான சிற்பி பழகிய கையை அரசாணைக்காக உடனே மாற்றிக்கொள்ள மாட்டார். மறுதலையாக, 1930 என்று தேதி போட்ட கல்லில் ‘லை’ புது வடிவத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது பின்னால் செய்த நகல்.

தூரம் மைலில் இருக்கிறதா, கிலோமீட்டரிலா? மைல் என்றால் 1960-களுக்கு முந்தையதாகக் கொள்ளலாம். மாநிலப் பெயர் தமிழ்நாடு ஆனது 1969-இல், நகரின் பெயர் எல்லா மொழியிலும் சென்னை ஆனது 1996-இல். கன்னியாகுமரி மாவட்டத்தில் கொல்லம் ஆண்டு வரும். அதோடு 825 கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு கிடைக்கும், மாதத்தைப் பொறுத்து அதில் ஒன்று குறையும். பழைய மைல்கற்களில் தமிழ் எண்கள் இருக்கலாம். ௧ ஒன்று, ௨ இரண்டு, ௩ மூன்று, ௪ நான்கு, ௫ ஐந்து, ௬ ஆறு, ௭ ஏழு, ௮ எட்டு, ௯ ஒன்பது. ௰ பத்து, ௱ நூறு. ௨௰௯ என்பதை இரண்டு பத்தும் ஒன்பதும் என்று படிக்க வேண்டும், இருபத்தொன்பது.

அந்த எண்ணை வேண்டுமென்றே எடுத்தேன். தருமபுரிப் பகுதியில் கிடைத்த, சுமார் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைல்கல் ஒன்று ‘அதியமான் பெருவழி’ என்ற பழைய சாலையில் நாவல் தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. எழுத்து தெரியாத வழிப்போக்கனுக்காகக் கீழே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் போட்டிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுக்கு முன் அந்தக் கல்லை நட்டவருக்கு இருந்த கரிசனம், ஐந்தடி உயரப் பலகை முழுக்கப் பொடி எழுத்தை நிரப்பும் நம் அலுவலகங்களுக்கு இல்லை.

இரும்பையும் விடாதீர்கள். பழைய பிளாட்பாரங்களில் கூரைத் தூண், வேலிக் கம்பம் எல்லாம் கழித்துப்போட்ட தண்டவாளம்தான். அதன் நடுப்பட்டையில் உருக்காலையின் பெயரும் ஆண்டும் மேடெழுத்தாக உருண்டிருக்கும். பத்துத் தடவை பெயின்ட் அடித்த பிறகும் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். ஒன்று நினைவிருக்கட்டும்: அது தண்டவாளம் பிறந்த ஆண்டு, தூணாக நட்ட ஆண்டு பல பத்தாண்டு பின்னால் இருக்கலாம்.

வாசலில் நிற்கும் நீராவி என்ஜினுக்கு ஒரு குறிப்பு. தகட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றிருப்பார்கள், அல்லது வேறு என்ஜினின் எண்ணைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். சக்கரங்களை இணைக்கும் நீளத் தண்டின் முனையில் எண் குத்தியிருக்கும். பல தண்டுகளில் ஒரே எண் இருந்தால் அதுவே உண்மைப் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டறையில் பாகங்களை மாற்றி மாட்டுவது வழக்கம் என்பதால் ஒரே ஒரு தண்டை நம்பி முடிவு கட்டாதீர்கள்.

நான்காம் படி: ‘முதல்’ என்று எழுதியிருந்தால் நில்லுங்கள்

நினைவுப் பலகைகளில் மிகவும் ஆபத்தான சொல் ‘முதல்’. அது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எதில் முதல், எந்த எல்லைக்குள் முதல், இன்று நிற்பதில் முதலா அல்லது அன்று கட்டியதில் முதலா?

இராயபுரத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பயணிகளுக்கான முதல் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது. அடுத்து 1854-இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளி. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது 1856-இல். எனவே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் என்பது சரி, இந்தியாவின் முதல் என்பது தவறு, நிற்பதில் மிகப் பழைய நிலையக் கட்டடம் என்பது சரி. மூன்றும் ஒரே இடத்தைப் பற்றிய வாக்கியங்கள்தான்.

இதோடு முடியவில்லை. பம்பாய்க்காரர்களிடம் மெட்ராஸ்காரர் சொல்ல இன்னொரு சீட்டு வைத்திருக்கிறார். 1837-இலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சாலை போடுவதற்கான செம்பாறாங்கல்லை ஏற்றிவர ஒரு தண்டவாளப் பாதை போட்டார்கள். ஆர்தர் காட்டன் பெயர் அதோடு சேர்ந்தது. பின்னால் கோதாவரி அணையால் புகழ்பெற்றவர் அவரே. அது சரக்குப் பாதை, பயணிகள் சேவை இல்லை. ‘இந்தியாவின் முதல் ரயில்’ என்று ஒரு பலகை 1837 என்றும் இன்னொன்று 1853 என்றும் சொன்னால் இரண்டும் தம் அளவில் உண்மையாக இருக்கலாம். குறை, ‘பயணிகள்’ என்ற ஒரு சொல்லை விட்ட பலகை எழுத்தாளருடையது.

தேதியிலும் இதே கதை. இராயபுரத்துக்கு 1856 ஜூன் 28 என்றும் ஜூலை 1 என்றும் இரண்டு பார்ப்பீர்கள். ஹாரிஸ் பிரபு வந்து விழா நடந்தது ஜூன் 28, பொதுச் சேவை தொடங்கியது ஜூலை 1. நீலகிரிக்கு 1899, 1908 இரண்டும் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை முதலாவது, உதகமண்டலம் வரை நீண்டது இரண்டாவது. தேதிகள் முரண்பட்டால் ‘யார் தப்பு’ என்று தேடுவதற்கு முன், ‘எதன் தேதி’ என்று கேளுங்கள்.

சரிபார்க்க எங்கே போவது? சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய அரசாணைகளும் மாவட்ட விவரச் சுவடிகளும் அங்கே. கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டும் பயன்படும். வீட்டிலிருந்தே தேட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ரயில்வேயிடமே கேட்க வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. ‘இந்த நிலையத்தின் வரலாற்றைத் தரவும்’ என்று கேட்டால் எதுவும் வராது. ‘இன்ன சுவரில் உள்ள கல் எந்த ஆண்டு, எந்தக் கோப்பின்படி பதிக்கப்பட்டது, அந்தக் கோப்பின் நகல் வேண்டும்’ என்று குறுக்கிக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பதிவு

படம் எடுப்பது எளிது, பதிவுதான் பலரும் விடுவது. ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று படம்: நேராக முழுக் கல், அருகில் எழுத்து, தள்ளி நின்று சுவரோடு சேர்த்து. மூன்றாவது படம்தான் பின்னால் கல்லை இடம்மாற்றும்போது பேசும். நோட்டில் எழுத்தை வரிக்கு வரி, பிழையோடு அப்படியே படியெடுங்கள். ‘ஸ்டேஷன்’ என்பதை ‘ஸ்டேசன்’ என்று வெட்டியிருந்தால் உங்கள் நோட்டிலும் அப்படியே இருக்கட்டும். உடைந்த இடத்தில் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பினால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அதன்பின் பொருள் (பளிங்கு, கருங்கல், பித்தளை, வார்ப்பிரும்பு), அளவு, மொழிகள், பார்த்த தேதி.

பிறகு பொதுவில் சேருங்கள். விக்கிமீடியா காமன்ஸில் படம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நினைவுப் பலகை என்று ஒரு புள்ளி. தமிழ் விக்கிப்பீடியாவில் அந்த நிலையத்துக்குக் கட்டுரை இருந்தால் அங்கே ஒரு வரி. உங்கள் கைபேசி தொலைந்தாலும் பதிவு தொலையாது.

பாம்பனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1914 பிப்ரவரி 24-இல் திறந்த பழைய பாலம், நடுவில் இரண்டு பக்கமும் தூக்கிக் கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் கர்டர்கள் விழுந்தன, அந்தத் தூக்குப் பகுதி நின்றது. 46 நாளில் ரயில் திரும்ப ஓடியது. 2022 டிசம்பருக்குப் பிறகு அதன்மேல் வண்டி இல்லை. 2025 ஏப்ரல் 6-இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்துவிட்டது. பழைய பாலம் எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, உப்புக்காற்று வேறு. ராமேஸ்வரம் போகிறவர்கள் இந்தத் தடவையே படம் எடுத்துவிடுங்கள். மீட்டர்கேஜை அகலப்பாதையாக மாற்றிய காலத்தில் எத்தனையோ சின்ன நிலையக் கட்டடங்கள் கல்லோடு போயின. அவற்றில் பலவற்றுக்கு இன்று ஒரு படம்கூடக் கிடைப்பதில்லை.

ரயில் இல்லாத ஊரில்

இருக்கவே இருக்கிறது சுமைதாங்கி. இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்தவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்றும் உயரம். கர்ப்பிணியாகவே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது வழக்கம், பலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். போக்குவரத்து நினைவுக் கல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உருப்படியை எந்த நாட்டுப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் மண்ணுக்குள் போவதும் இதுதான். பழைய சாலையோரம், கிணற்றடி, ஆலமரத்தடியில் தேடுங்கள். வீட்டார் ஊரில் இருந்தால் அவர்களைக் கேட்காமல் பெயரை வெளியிடாதீர்கள்.

நெல்லைக்காரர்களுக்குச் சுலோச்சன முதலியார் பாலம். 1843-இல் தாமிரபரணிமேல் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்த்தது. கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், சொந்தக் குடும்பப் பணத்தைப் போட்டுக் கட்டியதால் பெயர் அவருக்கு. அடுத்த தடவை கடக்கும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள்.

ஆறாம் படி: உங்கள் ஊரில் புதுப் பலகை வைக்க

சில மாதம் இப்படிச் சுற்றினால், ‘இந்த இடத்துக்கு ஒன்றுமே இல்லையே’ என்று ஓரிடம் உறுத்தும். வைக்கலாம், ஆனால் வரிசையாகப் போங்கள்.

முதலில் நிலம் யாருடையது? ரயில்வே என்றால் அந்தக் கோட்ட மேலாளர் அலுவலகம். தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என ஆறு கோட்டங்கள். சாலைப் பாலம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. சென்னை நகருக்குள் பட்டியலிட்ட மரபுக் கட்டடம் என்றால் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழுவையும் கேட்க வேண்டியிருக்கும். மனுவோடு வாசகம், அளவு, பொருள், மாட்டும் இடத்தின் படம், செலவு யாருடையது என்பதெல்லாம் இருந்தால் கோப்பு நகரும். ‘ஆவன செய்யவும்’ என்று மட்டும் எழுதினால் நகராது.

வாசகம் ஐம்பது அறுபது சொல்லுக்குள் இருக்கட்டும். என்ன நடந்தது, எப்போது, யாரால், ஏன் முக்கியம், கடைசி வரியில் வைத்தவர் பெயரும் ஆண்டும். ‘உலகப் புகழ்பெற்ற’, ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ இரண்டையும் அடித்துவிடுங்கள், சிறப்பு இல்லாவிட்டால் பலகையே எதற்கு? திறந்துவைக்கும் பிரமுகரின் பெயர் தவிர்க்க முடியாமல் வந்துதான் தீரும். அடியில் சின்ன எழுத்தில் வரும்படி முன்கூட்டியே பேசி முடியுங்கள், விழா மேடையில் பேச முடியாது. தமிழ் வாசகத்தை ஊரிலுள்ள தமிழாசிரியர் ஒருவரும், ரயில் விஷயம் தெரிந்த ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரும் தனித்தனியாகப் பார்க்கட்டும். கல்லில் விழுந்த ஒற்றுப்பிழையை அழிரப்பரால் அழிக்க முடியாது.

கியூஆர் குறி வைக்கச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. இணையப் பக்கம் சில ஆண்டில் செத்துவிடும், குறி மட்டும் சுவரில் நிற்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் தனி ஸ்டிக்கராக வையுங்கள், கல்லில் வெட்டாதீர்கள்.

பொருளைப் பொறுத்தவரை கருங்கல் மலிவு, நீடிக்கும், திருடுபோகாது. அதில் பூசும் தங்க வண்ணம் சீக்கிரம் போய்விடும், எனவே வண்ணம் இல்லாமலே படிக்கும் ஆழத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். பித்தளை அழகு, ஆனால் பழைய இரும்புக் கடைக்கு நடந்துவிடும். பழைய கட்டடத்தில் மாட்டும்போது செங்கல்லிலோ செதுக்கிய கல்லிலோ துளைபோட விடாதீர்கள், சாந்து இணைப்பில் துளைபோட்டால் பின்னால் அடைத்துக்கொள்ளலாம். திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு துருப்பிடித்து ஊதும்போது சுற்றியுள்ள கல்லைப் பிளந்துவிடும், கடலோரத்தில் இது இன்னும் வேகம். எல்லாவற்றையும்விட, பார்ப்பவர் கண்மட்டத்தில், பேருந்து நிழற்குடையோ விளம்பரத் தட்டியோ மறைக்காத இடத்தில் மாட்டுங்கள்.

மாட்டி முடிந்ததும் வாசகத்தின் நகல், அனுமதிக் கடிதம், படம் மூன்றையும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒன்று, பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒன்று என்று கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மறுசீரமைப்பின்போது கல்லைக் கழற்ற வருபவர் கையில் அந்தக் காகிதம் இருந்தால், திரும்ப எங்கே மாட்டுவது என்ற கேள்வி எழாது.